புதுச்சேரி முதல் கடலூர் வரை கடல் கயாக்கில் தனியாக: ஒரே நாளில் முடியுமா?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். ஊர் முத்தியால்பேட்டை. ஒரு பழைய கடல் கயாக் கைக்கு வந்திருக்கிறது. பதினாறடி நீளம், கெட்டி பிளாஸ்டிக், முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறை, காலால் மிதித்துத் திருப்பும் சுக்கான். சுண்ணாம்பாற்றிலும் பிச்சாவரத்திலும் ஓட்டிப் பழகிவிட்டேன், அந்தத் தண்ணீரில் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் மூச்சு வாங்காமல் வருகிறது. இனி கடல்தான்.

திட்டம் இதுதான்: பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிறு, கடற்கரைச் சாலையில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் சேர்ந்திருக்கிறதே, அங்கே இறக்கி, காந்தி சிலை தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கரையை ஒட்டியே தெற்கே போய், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏறுவது. வரைபடத்தில் அளந்தால் இருபத்தைந்து, இருபத்தாறு கி.மீ. வருகிறது. ஐந்து மணி நேரம் துடுப்பு, ஒரு மணி நேரம் ஓய்வு, மதியச் சாப்பாட்டுக்குக் கடலூர். பிப்ரவரியில் வடகிழக்குக் காற்றுதானே, முதுகில் தள்ளிக்கொண்டு போகும் என்று கணக்கு. கூட வர ஆள் இல்லை, உண்மையைச் சொன்னால் ஆள் வேண்டும் என்றும் தோன்றவில்லை, தனியாகப் போவதுதான் ஆசையே.

நார்வே, ஸ்காட்லாந்து பக்கம் பாறைக் கரையோரம் நாள் முழுக்கத் தனியாக ஓட்டுகிறவர்களின் காணொளிகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மாதிரி முரட்டுக் கரை நமக்கு இல்லை. எல்லாம் மணல், முடியவில்லை என்றால் எந்த இடத்தில் வேண்டுமானாலும் கரையேறிவிடலாம், அதனால் முதல் நீண்ட பயணத்துக்கு இது சுலபமான கரை என்றுதான் நினைக்கிறேன். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமா, எவ்வளவு தண்ணீர், எங்கே ஓய்வெடுப்பது, எதுவாக இருந்தாலும்.

மஸ்கட்_கடலூரான் பதில்:

அந்தக் கடைசிப் பத்தியைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். மணல்தானே, எங்கே வேண்டுமானாலும் ஏறிவிடலாம் என்கிறீர்களே, நம் கரையில் அதுதான் நடக்காத காரியம்.

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் பந்தர் கைரான் பக்கம் கயாக்கை இறக்குவேன். கரையிலிருந்து பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், தண்ணீரிலிருந்து நேராக எழும்பும் மொட்டைப் பாறை, மைல் கணக்கில் கால் வைக்க இடம் தெரியாது. ஆனால் கிட்டே போனால் ஒவ்வொரு பாறை மூக்குக்கும் பின்னால் ஒரு குடா ஒளிந்திருக்கும். காற்று கிளம்பினால் மூக்கைச் சுற்றி உள்ளே போய்விடலாம், உள்ளே தண்ணீர் அசையாது, சின்ன மணல்திட்டு, நிழல், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கூட எழலாம். நார்வேயில் ஓட்டுகிறவர்களும் தீவுக்குத் தீவு ஒதுங்கி ஒதுங்கித்தான் போகிறார்கள். முரட்டுக் கரை என்பது ஓட்டுகிறவனுக்கு ஒளிய இடம் தரும் கரை.

நம்முடையது நேர்க்கோடு. புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை ஒரு மூக்கு கிடையாது, ஒரு குடா கிடையாது, ஒரு தீவு கிடையாது. வங்காள விரிகுடாவில் எங்கோ எழும்பிய அலை தடையே இல்லாமல் வந்து கரை முழுக்க ஒரே மாதிரி உடையும். இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லாததால்தான் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் கப்பலும் இங்கிலீஷ்காரன் கப்பலும் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்க, ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த மசூலா படகில் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தார்கள். ஆணி அடித்த படகு அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். உங்கள் கயாக் வளையாது.

ஆகவே இருபத்தைந்து கி.மீ. என்பது இரண்டாம்பட்சம். கிளம்பும்போது ஒரு முறை அலையைத் தாண்ட வேண்டும், ஏறும்போது ஒரு முறை. நடுவில் ஓய்வுக்கு என்று கரையேறினால் இன்னும் இரண்டு முறை. சுமை ஏற்றிய கயாக்கோடு அலையில் குறுக்காகத் திரும்பினால் அது உங்களை உருட்டிக்கொண்டு போய் மணலில் அடிக்கும். நான் ஓய்வைக் கயாக்கிலேயே உட்கார்ந்தபடி, கடலுக்குள்ளேயே எடுப்பேன்.

கிளம்பும் இடத்தையும் மாற்றுங்கள். செயலகத்துக்கு எதிரே மணல் சேர்ந்ததற்குக் காரணமே 2018-19 வாக்கில் கடலுக்கு அடியில் போட்ட அந்த இரும்பு ஆப்பு வடிவத் தடுப்புதான், அதன் மேல் அலை எப்படி மடங்கும் என்பது கரையிலிருந்து தெரியாது. அங்கிருந்து தெற்கே கற்சுவர். கருங்கல்லில் மோதிய அலை திரும்பிப் போய் அடுத்து வரும் அலையோடு முட்டும், அந்த இடத்தில் தண்ணீர் உலையில் கொதிக்கிற சோறு மாதிரி நின்ற இடத்திலேயே எழும்பி எழும்பி விழும். துடுப்புப் போட்டால் சில சமயம் காற்றில் போகும். இன்னும் தெற்கே அந்தப் பழைய கப்பல் பாலம் வேறு, 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து விழுந்ததே, அதன் தூண்களுக்கும் இடிபாட்டுக்கும் பக்கத்தில் போக வேண்டிய அவசியமே இல்லை. பிறகு தேங்காய்த்திட்டுத் துறைமுக வாய், இரண்டு பக்கமும் கல் தடுப்பு, நடுவில் விசைப்படகு. இவ்வளவையும் ஒரு போட்டோவுக்காகத் தாண்டப் போகிறீர்களா? வீராம்பட்டினத்தில் இறக்குங்கள், நாலைந்து கி.மீ. குறையும், தலைவலி பாதிக்கு மேல் குறையும்.

நெட்டைத்தென்னை பதில்:

தனியாகவா? வேண்டாம். புதுச்சேரி கடலில் குளிக்கப் போய் இழுத்துக்கொண்டு போனவர்கள் செய்தி வருடா வருடம் வருகிறது. பிச்சாவரத்தில் சுற்றுங்கள், போதும்.

மஸ்கட்_கடலூரான் பதில்:

கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நீச்சல் தெரியாமல் நின்று இழுப்பில் மாட்டுவது வேறு, லைஃப் ஜாக்கெட்டோடு அலைக்கு வெளியே படகில் உட்கார்ந்திருப்பது வேறு. வேண்டாம் என்று சொல்வது எளிது. அவர் எப்படியும் போவார், தெரிந்துகொண்டு போகட்டும்.

தேவனாம்பட்டினத்தான் பதில்:

தம்பி, நான் தேவனாம்பட்டினம், ஃபைபர் படகுத் தொழில். கயாக் பற்றி எனக்குத் தெரியாது, கடலைப் பற்றிச் சொல்கிறேன்.

வாடைக்காற்று முதுகில் தள்ளும் என்கிறாயே, அது மார்கழி, தை. நீ சொல்கிற மாசியில் வாடை தளர்ந்துவிடும். விடியற்காலை கரைக்காற்று மேற்கேயிருந்து மெல்ல வரும், எட்டு எட்டரை மணிக்குக் காற்றே இல்லாமல் கண்ணாடியாகக் கிடக்கும், அதைப் பார்த்து மயங்காதே. பதினொரு மணி வாக்கில் கடல்காற்று எடுக்கும், முதலில் கிழக்கே, அப்புறம் தென்கிழக்கே திரும்பி ஒரு மணிக்கெல்லாம் பலமாக அடிக்கும். நீ தெற்கே போகிறாய், அது உன் முகத்தில். கடைசி ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகும். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் என்று மொத்தமாகக் கணக்குப் போடாதே, பதினொன்றுக்குள் எவ்வளவு தூரம் என்று போடு.

நீரோட்டமும் அப்படித்தான். மழைக்காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே ஓடுவது மாசி பிறந்ததும் மாற ஆரம்பிக்கும், தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிற தெண்டி பங்குனி, சித்திரையில் நன்றாகப் பிடித்துவிடும். ஆழத்தில்தான் இழுப்பு அதிகம், கரைக்குக் கிட்டே அவ்வளவு இருக்காது. நங்கூரம் போட்ட படகு, வலை மிதவை எதையாவது கண்டால் அதைச் சுற்றித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார், உனக்கே தெரியும்.

வலை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நல்லவாட்டிலிருந்து தாழங்குடா வரை கரைக்குக் கிட்டேயே நண்டு வலை போட்டிருப்பார்கள், வெளியே போனால் மீன்வலை. மிதவையும் கொடியும் தெரியும். இரண்டு மிதவைக்கு நடுவில் போனால் கயிறு தொய்ந்து ஆழத்தில் இருக்கும், சுக்கானை மேலே தூக்கிவிட்டுப் போ. மாட்டிக்கொண்டால் கத்தியை எடுத்து வலையை அறுக்காதே, பின்னால் போய் எடு. வலைக்காரன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான், ஒரு வலை என்ன விலை தெரியுமா? அறுத்தாயானால் கரையில் வேறு பேச்சு நடக்கும்.

காலை ஆறிலிருந்து ஒன்பது வரை படகுகள் திரும்பி வரும் நேரம். மீன் ஏலத்துக்கு முந்த வேண்டும் என்று வேகமாக வருவோம், தண்ணீரோடு தண்ணீராக உட்கார்ந்திருக்கிற ஆள் தெரியமாட்டான். பின்னால் ஒரு குச்சி நட்டு சிவப்போ ஆரஞ்சோ கொடி கட்டு. உடம்பிலும் அந்த நிறம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வராதே.

முகத்துவாரத்தைப் பற்றி அண்ணன் சொல்லவில்லை. சுண்ணாம்பாறு, பெண்ணையாறு இரண்டு வாயும் உனக்கு ஒதுங்குகிற இடம் மாதிரி தெரியும், உள்ளே அமைதியான தண்ணீர் பளபளக்கும். போகாதே. வாய்க்கு எதிரே மணல்மேடு கிடக்கும், கரையில் உடைய வேண்டிய அலை அங்கே வெளியிலேயே உடையும், ஆற்றுத் தண்ணீர் வெளியே வரும்போது இன்னும் மோசம். பெண்ணையாற்று வாயைத் தாண்டும்போது கரையைவிட்டு நன்றாக வெளியே போய், வெள்ளை நுரை எங்கே முடிகிறதோ அதற்கும் வெளியே சுற்றிக்கொண்டு வா. அவசரமாக ஏற வேண்டுமென்றால் குப்பத்தில் ஏறு. எங்கே ஃபைபர் படகு வரிசையாக ஏற்றிப் போட்டிருக்கிறதோ அதற்குப் பக்கத்தில். நாங்கள் அலை குறைவான இடம் பார்த்துத்தான் படகு ஏற்றுவோம், நாலு கையும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, மாசி மகத்தன்று வராதே. அன்று தேவனாம்பட்டினம் கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், கால் வைக்க இடமிருக்காது. உங்கள் ஊர் வைத்திக்குப்பத்திலும் அதே கதைதான்.

அலைவரிசை பதில்:

தேவனாம்பட்டினம் அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை, ஆனாலும் தனியாகப் போவது பற்றி யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். கவிழ்ந்தால் மறுபடி ஏறத் தெரியுமா? சுண்ணாம்பாற்றில் ஏறியது கணக்கில் வராது, அங்கே காலடியில் சேறு தட்டும். நான் புதுச்சேரியில் ஆர்வமுள்ளவர்களுக்குக் கயாக் சொல்லிக்கொடுக்கிறேன். அசையாத தண்ணீரில் அழகாக ஏறுகிறவர்கள் பலர் முக்கால் மீட்டர் அலையில் முதல் தடவை ஏறமுடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். துடுப்பின் ஒரு முனையில் காற்றடைத்த பையை மாட்டி, அதைத் தாங்காகக் குறுக்கே நீட்டி, வயிற்றில் படுத்தபடி பின்பக்கமாக ஏறி உள்ளே நழுவும் முறை இருக்கிறது. அது கைக்கு வர வேண்டும், அதுவும் களைத்த பிறகு, தொடர்ந்து இரண்டு மூன்று தடவை வர வேண்டும். ஏறிவிட்டால் முடிந்ததா, உட்காரும் குழி நிறையத் தண்ணீர், அதைக் கைப்பம்பால் இறைத்து வெளியேற்றும் வரை கயாக் பீப்பாய்போல உருளப் பார்க்கும். வேறு ஒருவர் கூட இருந்தால் அவர் பிடித்துக்கொள்வார். தனியாக இருந்தால் அந்த இரண்டு நிமிடம் உங்களுடையது மட்டும். அலைக்கு வெளியே நண்பர் ஒருவரின் படகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பழகுங்கள். அது வரவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், கடல் எங்கும் போய்விடாது.

அலையைத் தாண்டும் முறையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதைத் தவறாகச் செய்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கிளம்பும் முன் கரையில் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஒரு தணிவு வரும், அந்தத் தணிவில் நிற்காமல் துடுப்புப் போட்டு வெளியே போய்விட வேண்டும். தலைக்கு மேல் உடையப் போகிற அலை வந்தால் தயங்கி நிற்காமல் முன்னால் குனிந்து குத்திப் போங்கள். கரையேறும்போது அலையின் முன்னால் சறுக்கி வரும் ஆசையை விடுங்கள். அலை உங்களைத் தாண்டிப் போகட்டும், அதன் முதுகில் ஏறிக்கொண்டு பின்னாலேயே வாருங்கள், அடுத்தது கிட்டே வந்தால் பின்னோக்கித் துடுப்புப் போட்டு அதையும் போகவிடுங்கள். அப்படியும் கயாக் குறுக்காகத் திரும்பிவிட்டால் உடம்பைக் கடல் பக்கம் சாய்த்து, துடுப்பை அலை மேல் அழுத்துங்கள். கரைப் பக்கம் சாய்ந்தால் ஒரு நொடியில் கவிழும். கீழே விழுந்துவிட்டால் கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கை அலை தள்ளிக்கொண்டு வந்தால் முழங்கால் போய்விடும்.

முன்னறிவிப்புக்கு இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையத் தளத்தில் நம் கரைக்குத் தனியாகக் கடல் நிலவரம் போடுகிறார்கள், இலவசம். அலை உயரத்தை மட்டும் பார்க்காமல் அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்றும் பாருங்கள். காற்றே இல்லாத நாளில்கூடத் தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலை, பதினான்கு பதினைந்து விநாடி இடைவெளியில், வெளியே தெரியாமல் வந்து கரையில் பலமாக உடையும். கள்ளக்கடல் எச்சரிக்கை என்று போடுவது இந்த வகைதான், ஏப்ரல் மே மாதங்களில் அதிகம்.

யாரிடம் சொல்வது என்று கேட்டீர்கள். புதுச்சேரி கடலோரக் காவல் நிலையத்திலும் கடலூரில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் எழுத்தாகக் கொடுத்து, போகலாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டே இறக்குங்கள். கயாக் நிறம், எத்தனை மணிக்கு எங்கே, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும், எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு மாநில எல்லை, நடுவில் யாரோ பார்த்துவிட்டுப் போன் செய்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கடலோரக் காவல்படையின் தேடல், மீட்பு எண் 1554, கடலோரக் காவல் உதவி எண் 1093. இரண்டும் போனில் இருக்கட்டும், போன் தண்ணீர் புகாத உறையில் லைஃப் ஜாக்கெட்டோடு கட்டியிருக்கட்டும், கயாக்கோடு அல்ல. கவிழ்ந்தால் கயாக் ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள். கரையை ஒட்டிப் போகும் வரை சிக்னல் பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் தோளில் மாட்டியிருக்கும் அந்தச் சாட்டிலைட் கருவியை ஆர்டர் போட்டுவிடாதீர்கள், இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள்.

உப்புக்காற்று பதில்:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. காந்தி சிலை போட்டோ ரத்து, வீராம்பட்டினம்தான். கவிழ்ந்து ஏறும் பயிற்சிக்கு நண்பனின் மாமா படகு கிடைக்கிறது, அடுத்த வாரமே தொடங்குகிறேன். மஸ்கட் அண்ணா, நீங்கள் இதே வழியில் போயிருக்கிறீர்களா? பேச்சைப் பார்த்தால் போன மாதிரிதான் தெரிகிறது. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருந்தீர்கள், உடம்பு எப்படி இருந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மஸ்கட்_கடலூரான் பதில்:

போயிருக்கிறேன், ஊருக்கு விடுமுறையில் வந்தபோது, பிப்ரவரியில்தான். நேர வாரியாகச் சொல்கிறேன், உங்களுடையது வேறு மாதிரி இருக்கும்.

வீராம்பட்டினத்தில் ஆறேகாலுக்கு இறக்கினேன், சூரியன் இன்னும் வரவில்லை, ஆனால் அலை தெரிகிற வெளிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் இறக்குவதில் பயனில்லை, இருட்டில் அலைக் கூட்டத்தை எண்ண முடியாது. இரண்டு மூன்று பெரியவர்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள், எங்கே போகிறாய் என்று கேட்டு, கடலூர் என்றதும் பஸ் ஓடுகிறதே என்றார்கள். தள்ளிவிட்டதும் அவர்களேதான்.

அலை தாண்டியதும் கரையிலிருந்து அரை கி.மீ. வெளியே போய்த் தெற்கே திரும்பினேன். சின்ன வீராம்பட்டினம் கடற்கரை, அதுதான் 2021 இல் சுத்தமான கடற்கரைக்கான நீலக்கொடிச் சான்று வாங்கியது, ஆளரவமில்லாமல் கிடந்தது. சுண்ணாம்பாற்று வாயில் தேவனாம்பட்டினம் தம்பி சொன்ன அந்த வெள்ளை நுரை, பாரடைஸ் பீச் மணலுக்கு எதிரே நன்றாக வெளியே தள்ளி. சுற்றிக்கொண்டு போனேன். ஏழு மணிக்குள் அதைத் தாண்டியாகிவிட்டது.

அதன் பிறகு நல்லவாடு, பனித்திட்டு, நரம்பை. இந்தப் பகுதிதான் அந்த நாளின் சாரம். காற்று நின்றுவிட்டது, கடல் எண்ணெய் போட்ட மாதிரி வழவழப்பாக எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது, கரையில் அலை உடையும் சத்தம் மட்டும் வலது காதில் விடாமல். குப்பங்கள் ஒவ்வொன்றாக வரும், கோயில் கோபுரம், சுனாமிக்குப் பின் கட்டின வீடுகளின் வரிசை, சவுக்குத் தோப்பு, மறுபடி குப்பம். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது, தலையை மட்டும் நீட்டி மூச்சு விட்டுவிட்டு என்னைப் பார்த்ததும் மூழ்கும். ஒன்று கயாக்குக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது, முதுகில் ஒட்டியிருந்த சிப்பியெல்லாம் தெரிந்தது. நரம்பைக்கு எதிரே ஓங்கில் (டால்பின்) கூட்டம் ஒன்று வடக்கே போனது, நான் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. சில படகுகள் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்து என்ன ஏது என்று விசாரித்தார்கள், ஒருவர் கட்டி இழுத்துப் போகட்டுமா என்று கயிற்றையே எடுத்துவிட்டார். தனியாக என்று சொல்கிறோமே தவிர, இந்தக் கடலில் காலை ஒன்பது மணி வரை நீங்கள் தனியாக இருக்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது, உங்களுக்கு எப்படியோ.

ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்காருவேன், தண்ணீர், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். கையோடு புளிசாதம் வைத்திருந்தேன், அது முதல் பாதிக்கு மட்டும்தான் இறங்கியது, வெயில் ஏறினபின் வாய் உப்பைத்தான் கேட்டது. மோரில் உப்புப் போட்டு ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். தண்ணீர் ஐந்து லிட்டர், ஒரே கேனில் வேண்டாம், பிரித்து வையுங்கள். குளிர்நாட்டுக் காணொளிகளில் குளிருக்குத்தான் பயப்படுவார்கள், நமக்கு எதிரி வெயில். முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் தொப்பி. நான் விட்டுவிட்ட ஒரே இடம் கால்களின் மேல்புறம், ஒரு வாரம் தோல் உரிந்தது, ஆனால் அது உங்கள் கயாக்கில் மூடியிருந்தால் பிரச்சினை இல்லை.

பெண்ணையாற்று வாய்க்கு ஒன்பதே முக்கால். இங்கேதான் கடல் நிறம் மாறியது, பழுப்பாக ஒரு கோடு, அந்தக் கோட்டில் பாசியும் குப்பையும் சொறிமீனும். வெளியே சுற்றியதில் அரை மணி நேரம் போனது. தேவனாம்பட்டினத்துக்கு எதிரே பதினொன்று. அங்கேயே ஏறிவிடலாம் என்றுதான் எண்ணம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, சில்வர் பீச் முழுக்கக் குளிக்கிற கூட்டம். அலையில் இருபத்தைந்து கிலோ கயாக் குழந்தைகள் நடுவில் போய் விழுந்தால் என்ன ஆகும்? ஏறவில்லை. நீங்கள் ஞாயிறு என்கிறீர்கள், அதையும் மாற்றுங்கள், ஒரு நாள் விடுப்பு எடுங்கள்.

அங்கிருந்து துறைமுக வாய் வரை நாலு கி.மீ. சொச்சம்தான், தம்பி சொன்ன தென்கிழக்குக் காற்று சரியாக அப்போது எடுத்தது. முதலில் தண்ணீர் கருத்தது, பிறகு சின்னச் சின்ன வெள்ளைத் தலைகள், பத்தே நிமிடத்தில் முகத்தில் தண்ணீர் அடிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் தூரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். கரையில் ஒரு கட்டடத்தைக் குறிவைத்து அது நகர்கிறதா என்று பார்ப்பேன், நகராது, கண்ணை எடுத்துவிட்டுப் பத்துத் துடுப்பு, மறுபடி பார்ப்பேன், லேசாக நகர்ந்திருக்கும். தோள் வலி பரவாயில்லை, உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து உப்புத்தண்ணீர் பட்டதுதான் பொறுக்க முடியவில்லை.

துறைமுக வாயில் கல் தடுப்புகளுக்கு நடுவே நுழைவதும் சும்மா இல்லை. உப்பனாற்றுத் தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது, எதிரே வரும் அலை அதில் மோதிச் செங்குத்தாக நின்றது. வெளியே ஓரமாக நின்று ஒரு விசைப்படகு போகும் வரை காத்திருந்து, அதன் பின்னாலேயே, தெற்குக் கல்லை ஒட்டாமல் நடுவாக உள்ளே வந்தேன். உள்ளே வந்ததும் மொத்தமும் அடங்கிவிட்டது. ஒரு மணிக்குச் சோனங்குப்பம் பக்கம் உள்கரையில் ஏறினேன், எழுந்து நிற்கக் கால் வரவில்லை, அங்கே ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த பையன்கள்தான் கயாக்கோடு சேர்த்து என்னையும் தூக்கிவிட்டார்கள்.

இன்னொரு முறை போனால் தேவனாம்பட்டினத்தோடு நிறுத்திவிடுவேன், வார நாளில், குளிக்கும் இடத்துக்கு வடக்கே. அந்தக் கடைசி நாலு கி.மீ.யில் பார்க்க எதுவும் இல்லை.

நெட்டைத்தென்னை பதில்:

இதைப் படித்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆமை பார்த்த இடம் மட்டும் பொறாமையாக இருக்கிறது.

உப்புக்காற்று பதில்:

அப்போ இப்படி முடிவு செய்கிறேன்: வீராம்பட்டினம் டு தேவனாம்பட்டினம், வார நாள், மாசி மகம் தவிர்த்து, பதினொன்றுக்குள் ஏறுவது. ஒன்பது மணிக்கு நரம்பையைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே குப்பத்தில் ஏறிவிடுவது. ஏறும் பயிற்சி வந்தால்தான் இதெல்லாம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி, தேவனாம்பட்டினத்தில் எந்த இடத்தில் ஏறுவது, பதினாறடி கயாக்கை ஏற்றிப் போக டாடா ஏஸ் கரை வரைக்கும் வருமா?

தேவனாம்பட்டினத்தான் பதில்:

வரும் தம்பி, மீன் ஏற்றுகிற வண்டி வருகிற வழிதான். சில்வர் பீச்சுக்குப் போகிற தார்ச்சாலையில் வந்து, குளிக்கிற இடத்துக்கு முன்னாலேயே இடது பக்கம் குப்பத்துக்குள் திரும்பச் சொல், படகு நிற்கிற இடம் வரை சிமெண்ட் ரோடு. மணலில் இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல், இறங்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. வருகிறதுக்கு முதல் நாள் சாயங்காலம் இங்கே ஒரு வரி போடு, அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். வேண்டாம் என்றேன் என்றால் வராதே.